பருவநிலைப் பாடத்துக்குப் புத்தகம் எங்கே?

தம்பி, கோவையிலிருந்து அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள எடிசன் என்ற ஊருக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது என்கிறீர்கள். மூன்றாம் வகுப்பு மகனிடம் வெள்ளம் தாங்கும் அட்டை வீடு ஒன்று செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள். ஓவிய ஆசிரியையும் கடல் மட்டம் உயர்வதை வரையச் சொல்கிறார். இதற்குப் புத்தகம் எது, பரீட்சை எப்போது, டியூஷன் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டியூஷனெல்லாம் வேண்டாம். முதலில், அப்படி ஒரு தனிப் பாடமே இங்கே கிடையாது. நியூ ஜெர்சி கல்வி வாரியம் 2020 ஜூனில் பருவநிலை மாற்றத்தை ஏழு பாடப் பிரிவுகளுக்குள் கலந்துவிட்டது. அறிவியல், சமூகவியல் சரி. ஓவியம், உடற்கல்வி, ஸ்பானிஷ் வகுப்பில்கூட அது உண்டு. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவிலேயே இப்படி முதலில் செய்த மாநிலம் இதுதான். அப்போதைய ஆளுநரின் மனைவி டாமி மர்ஃபி முன்னின்று கொண்டுவந்தார். சட்டமன்றம் போட்ட சட்டமில்லை, வாரியம் வகுத்த தரநிலை; ஆனாலும் அரசுப் பள்ளிகள் பின்பற்றியாக வேண்டும். அருகிலுள்ள கனெக்டிகட் மாநிலத்தில் 2022-ல் சட்டமாகவே இயற்றினார்கள்.

நம் ஊரில் இது கோர்ட் வழியாக வந்தது. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. கல்லூரியில் நாம் எழுதிய அந்த ஒரு தாள் அதன் தொடர்ச்சிதான். முதல்நாள் ராத்திரி படித்து பாஸானேன். ஓசோன் ஓட்டை தவிர இப்போது எதுவும் ஞாபகமில்லை.

இங்கே அப்படிப் படித்து மறந்துவிடும் வசதி இல்லை. 2012 அக்டோபரில் சாண்டி புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. எங்கள் வீட்டில் ஒரு வாரம் கரண்ட் இல்லை. அந்த மாதிரி வெள்ளத்தை வைத்துத்தான் உங்கள் பையனுக்கு அட்டை வீடு. மதிப்பெண் அட்டையில் இதற்கென்று தனி வரி தேடாதீர்கள். 5, 8, 11-ஆம் வகுப்புகளில் மாநில அறிவியல் தேர்வு உண்டு, கேள்வி வந்தால் அதற்குள் வரும்.

ஒரு குறை சொல்ல வேண்டும். என்ன சொல்லித்தர வேண்டும் என்பதை மாநிலம் வகுக்கிறது, எப்படி என்பதை உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்திடம் விட்டுவிடுகிறது. என் மூத்தவளுக்கு வாய்த்த ஆசிரியர் ஓடைக்கே கூட்டிப்போனார்; இளையவனுக்கு ஒரு வீடியோவோடு முடிந்தது. அதனால் பெற்றோர் சந்திப்பில் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அப்புறம், அட்டை வீட்டை நீங்கள் செய்து கொடுத்துவிடாதீர்கள். நான் செய்து கொடுத்தேன். வகுப்பில் தண்ணீர் ஊற்றியபோது முதலில் கவிழ்ந்தது அதுதானாம்.