தம்பியோ தங்கையோ வரப்போகும்போது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. எனக்கு இது ஐந்தாவது மாதம். அவளிடம் எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது? வீட்டில் எல்லோரும் ‘உனக்கு விளையாட ஆள் வருது’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பதில்: வயிறு தெரியத் தொடங்கிவிட்டது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். அடுத்தவர் பேச்சிலிருந்து அவளாகத் தெரிந்துகொள்ள விடவேண்டாம். ‘இன்னும் நாலு மாசம்’ என்பது இந்த வயதுக்குப் புரியாது. அவள் பிறந்தநாள் இடையில் வருமானால், ‘உன் பிறந்தநாள் முடிஞ்ச பிறகு’ என்று சொல்லலாம்.

‘விளையாட ஆள்’ என்ற பேச்சை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். பிறந்த குழந்தை ஒரு நாளில் பதினாறு மணி நேரம் வரை தூங்கும். தானாக உட்காரவே ஆறு மாதம் ஆகிவிடும். விளையாட்டுத் தோழியை எதிர்பார்த்தவள் ஏமாந்துபோவாள். ‘பாப்பா நிறைய அழும், பால் குடிக்கும், தூங்கும். பெருசானதும் உன்கூட விளையாடும்’ என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

சொல்வதைவிட முக்கியம், அவளுடைய அன்றாட வழக்கம் குலையாமல் இருப்பது. படுக்கையை மாற்றுவது, தனியாகத் தூங்கப் பழக்குவது, பள்ளியில் சேர்ப்பது ஆகியவற்றைப் பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பே முடியுங்கள். முடியாவிட்டால் குழந்தை பிறந்து இரண்டு மூன்று மாதம் போகட்டும். கழிப்பறைப் பயிற்சியும் அப்படித்தான். எல்லாம் ஒரே வாரத்தில் நடந்தால், ‘பாப்பா வந்து என் இடத்தை எடுத்துக்கொண்டது’ என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

நீங்கள் மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் யார் அவளைப் பார்த்துக்கொள்ளப் போகிறார்களோ, அவர்கள் இப்போதிருந்தே வாரத்தில் சில நாள் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, தூங்கவைக்கட்டும். ‘கடைக்குப் போய்ட்டு வரேன்’ என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். அதன் பிறகு நீங்கள் அடுத்த அறைக்குப் போனாலும் அழுவாள். இரவில் வலி வந்தால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: ‘நீ தூங்கும்போது அம்மா போயிட்டாலும், காலைல எழுந்தா அப்பா இருப்பாங்க.’ சிசேரியன் ஆனால் சுமார் ஆறு வாரம் கனமாக எதையும் தூக்கவேண்டாம் என்பார்கள். அதனால் நீங்கள் உட்கார்ந்துகொள்ள, அவளே ஏறி உங்கள் பக்கத்தில் வந்து கட்டிக்கொள்ளும் பழக்கத்தை இப்போதே கொண்டுவாருங்கள்.

முதல் முறை அவள் பார்க்க வரும்போது பாப்பா தொட்டிலில் இருக்கட்டும். உங்கள் இரண்டு கைகளும் அவளுக்காகக் காலியாக இருக்கவேண்டும்.

கேள்வி: குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. மூன்றரை வயது மூத்தவன் மறுபடி படுக்கையில் சிறுநீர் கழிக்கிறான், பால் புட்டி கேட்கிறான். நான் பாப்பாவுக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் வந்து அவளைக் கிள்ளுகிறான். கண்டிக்கலாமா?

பதில்: முதல் இரண்டையும் கண்டிக்கவே வேண்டாம். ‘இவ்வளவு பெரிய பையன்’ என்று கேலியும் வேண்டாம். மெத்தைமேல் நனையாத விரிப்பு போடுங்கள். நனைந்தால் பேசாமல் துணியை மாற்றுங்கள். புட்டி கேட்டால் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் நாலு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவான். சில வாரங்களில் தானாகச் சரியாகும். ஆனால் சிறுநீர் போகும்போது எரிச்சல், காய்ச்சல், அளவுக்கு மீறிய தாகம் இருந்தால் பொறாமை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கிள்ளுவதை உடனே தடுக்கவேண்டும். கையைப் பிடித்து, ‘கிள்ளக் கூடாது, பாப்பாவுக்கு வலிக்கும்’ என்ற ஒரே வரி போதும். அடி வேண்டாம், நீண்ட உபதேசமும் வேண்டாம். பால் கொடுக்கும் நேரத்தில் உங்கள் மடியும் கையும் முழுக்கப் பாப்பாவிடம் இருப்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. ஆகவே பால் கொடுக்க உட்காருமுன் அவனைக் கழிப்பறைக்கு அனுப்பி, தண்ணீர் கொடுத்துவிடுங்கள். அந்த நேரத்துக்கு மட்டும் வெளியே வரும் ஒரு கூடையில் படப்புத்தகம், கிரேயான் எல்லாம் வையுங்கள். பாப்பாவின் தலை இல்லாத பக்கத்தில் அவனை உட்காரவைத்துக் கதை சொல்லுங்கள்.

தினமும் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம், பாப்பாவை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, செல்போனைத் தள்ளிவைத்துவிட்டு, அவன் சொல்லும் விளையாட்டை விளையாடுங்கள். அன்று சேட்டை செய்தான் என்று இதை ரத்து செய்யாதீர்கள். இன்னொன்று: ‘பாப்பா தூங்குறா, கத்தாதே’, ‘பாப்பா அழறா, இரு’ என்று நாள் முழுக்க அவள் பெயரைச் சொல்லியே அவனை நிறுத்துகிறோம். எதிர்ப்பக்கமும் அவன் காதில் விழட்டும்: ‘பாப்பா, கொஞ்சம் இரு, அண்ணனுக்குச் சட்டை போட்டுட்டு வரேன்.’ மூன்று வாரக் குழந்தைக்கு அது புரியாது, அவனுக்குப் புரியும்.

எவ்வளவு பாசமாக இருந்தாலும் இருவரையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். அன்பு மிகுந்துதான் பிஸ்கட்டை வாயில் வைப்பான், போர்வையை முகம்வரை இழுத்துவிடுவான், தூக்கப் பார்ப்பான். கை கழுவிவிட்டுப் பாப்பாவின் பாதத்தைத் தொடட்டும். மடியில் வைக்க ஆசைப்பட்டால் சாய்ந்து உட்காரவைத்து, முழங்கைக்குக் கீழே தலையணை கொடுத்து, பாப்பாவின் கழுத்தை நீங்கள் தாங்குங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகள் தம்பிமேல் உயிராக இருந்தாள். அவனுக்கு எட்டு மாதமாகித் தவழத் தொடங்கியதும் அடிக்கிறாள். ஏன் இப்போது?

பதில்: இதுவரை அவன் இருந்த இடத்தில் இருந்தான். இப்போது அவள் கட்டியதைக் கலைக்கிறான், வரைந்ததைக் கசக்குகிறான். அவள் கோபம் நியாயமானது. ‘சின்னவன்தானே, விட்டுக்கொடு’ என்று சொல்லிச் சொல்லித்தான் அது வளரும். அடிப்பதைத் தடுங்கள், கூடவே அவனுக்கு எட்டாத ஒரு மேசையை அவளுக்கென்று ஒதுக்கி, சிறு பாகங்கள் உள்ள பொம்மைகளை அங்கேயே வைத்து விளையாடவிடுங்கள். அவள் பொருளும் பிழைக்கும், அவன் எதையாவது வாயில் போட்டு மூச்சடைக்கும் ஆபத்தும் குறையும்.