வீட்டு நிலைமையை நினைத்தால் ஏன் இப்படிக் கூசுகிறது?

கல்லூரி நண்பர்களை வீட்டுக்கு அழைக்கவே கூசுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அது இருந்தது. முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். அம்மா பீடி சுற்றுவார். பாளையங்கோட்டையில் படித்தபோது அதை யாரிடமும் சொல்லவில்லை. சட்டையில் புகையிலை வாசம் வருகிறதா என்று பஸ்ஸில் முகர்ந்து பார்ப்பேன்.

குற்ற உணர்ச்சி வேறு, அவமான உணர்ச்சி வேறு என்று 1971-இல் ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற உளவியலாளர் பிரித்துக் காட்டினார். முன்னது 'நான் செய்தது தப்பு' என்கிறது. பின்னது 'நானே தப்பு' என்கிறது. செய்ததைச் சரிசெய்யலாம், மன்னிப்புக் கேட்கலாம். 'நானே தப்பு' என்றால் ஒளியத்தான் தோன்றும். ஒளிய ஒளிய அது வளரும், ஏனென்றால் நாம் பயப்படுவது உண்மையா என்று சோதிக்க வாய்ப்பே கிடைப்பதில்லை.

நான் கடைசியில் ஒரே ஒருத்தனிடம் சொன்னேன். "எங்க அம்மையும் பீடிதாம்ல சுத்துதா" என்றான். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

எல்லோரிடமும் சொல்ல வேண்டாம். கேலி செய்யாத ஒருவர் போதும். அப்படி யாரும் இல்லையென்றால், மனம் ரொம்பக் கனத்தால், 14416-க்கு அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.