போனஸ், பீஸ் ரேட், ஸ்வீட் பாக்ஸ்: கேள்வி பதில்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் 24 வருஷம் ஆட்களைப் பார்த்துக்கொண்டவன். இப்போது எச்.ஆர். என்கிறார்கள், நான் சேர்ந்தபோது அது டைம் ஆபீஸ். சம்பளமும் ஊக்கத்தொகையும் ஆளை என்ன செய்யும் என்று கேளுங்கள். பி.எஃப். எடுப்பது எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள்.

கோவை, மென்பொருள்: சார், காசு கூடக் கொடுத்தால் வேலை கூட நடக்குமா? எங்கள் டீமுக்கு இன்சென்டிவ் கொண்டுவர யோசிக்கிறோம்.

எந்த வேலை என்று முதலில் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் சேஃப்லைட் என்றொரு கம்பெனி, கார் கண்ணாடி மாற்றுகிறவர்கள். 1990களின் நடுவில் மணிக்கணக்குச் சம்பளத்தை விட்டு, கண்ணாடிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டுக்கு மாறினார்கள். எட்வர்ட் லாசியர் என்ற பொருளாதாரப் பேராசிரியர் கணக்குப் பார்த்தபோது தலைக்கு வேலை 44% கூடியிருந்தது. அதில் பாதிதான் இருந்த ஆட்களின் கைவேகம். மீதியில் பெரும்பங்கு, வேகமான ஆட்கள் தேடி வந்து சேர்ந்ததால் கிடைத்தது. இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. ஊக்கத்தொகை இருக்கிற ஆளை மாற்றுவதோடு, வரப்போகிற ஆளையும் தேர்ந்தெடுக்கிறது.

ஆனால் அது கண்ணாடி. எண்ணிவிடலாம். சரியாக மாட்டாவிட்டால் தெரிந்துவிடும், மாட்டியவரே தன் நேரத்தில் வந்து மறுபடி மாட்டவேண்டும். நீங்கள் எழுதுகிற புரோகிராமில் கோளாறு ஆறு மாதம் கழித்து, இன்னொருவர் தலையில் விடிகிறது.

இன்னொன்று நம் மதுரைப் பக்கமே நடந்தது. கிராமத்து ஆட்கள் 87 பேர், ஞாபகசக்தியும் கைநிதானமும் வேண்டிய 6 விளையாட்டுகள். நன்றாக ஆடினால் ஒரு விளையாட்டுக்குச் சிலருக்கு 4 ரூபாய், சிலருக்கு 40, சிலருக்கு 400. ஆறிலும் ஜெயித்தால் 2,400. அங்கே ஓர் ஆளின் அரை வருஷச் செலவுக்குக் கிட்டத்தட்ட வரும். மோசமாக ஆடியது 400 ரூபாய்க்காரர்கள்தான். டான் ஏரியலி என்ற ஆய்வாளரின் குழு 2009இல் வெளியிட்டது. (அவருடைய வேறொரு ஆய்வு பின்னால் திரும்பப் பெறப்பட்டது தெரியும். இது அதில்லை.) யோசித்துச் செய்கிற வேலைக்குப் பெரிய பரிசைக் கண்முன் தொங்கவிட்டால் கண் பரிசின் மேல் போய்விடும். சம்பளத்தைச் சரியாகக் கொடுங்கள், இன்சென்டிவைச் சின்னதாக வையுங்கள்.

பல்லடம்: தீபாவளி போனஸ் சட்டப்படி எத்தனை சதவீதம்?

குறைந்தது 8.33%, அதிகபட்சம் 20%. 8.33 என்பது வருஷச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒன்று. 1965இல் சட்டம் வந்தபோது குறைந்தபட்சம் 4%தான், 1972இல் உயர்த்தினார்கள். வருஷத்தில் 30 நாளாவது வேலை பார்த்திருக்கவேண்டும். 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் சதவீதம் இதேதான்.

அவிநாசி, செக்கிங் சூப்பர்வைசர்: டேமேஜ் பிடித்துக் கொடுக்கும் பெண்களுக்குப் பீசுக்கு இவ்வளவு என்று தரலாமா?

வேண்டாம், தம்பி. நானே செய்து கெட்டிருக்கிறேன். ஒரு கம்பெனியில் குறைக்கு 1 ரூபாய் என்று போட்டேன். இரண்டாம் வாரமே குறை மூன்று மடங்கு. லைனில் தையல் திடீரென்று கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். பார்த்தால், டிரிம்மிங்கில் தானாகப் போகிற நூல் பிசிறுகளுக்கெல்லாம் ஸ்டிக்கர். அப்புறம் இன்னொன்று தெரிந்தது: தையல் விடுகிற டெய்லருக்கும் பிடிக்கிற அக்காவுக்கும் பாதிப் பாதி. அவர்களைத் திட்டி என்ன பயன்? நான் குறையை விலைக்கு வாங்கினேன், அவர்கள் விற்றார்கள். எதை எண்ணிக் காசு தருகிறீர்களோ அதுதான் வரும்.

சேலம்: டெல்லியில் வெள்ளைக்காரன் நாகப்பாம்புக்குப் பரிசு அறிவிக்க, மக்கள் பாம்பு வளர்த்த கதைதானே இது?

அந்தக் கதைக்கு நல்ல ஆதாரம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. எலிக் கதைக்கு உண்டு. 1902இல் ஹனோயில் பிரெஞ்சுக்காரர்கள் எலிவாலுக்குக் காசு கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் வாலில்லாத எலிகள் ஊருக்குள் ஓடின. வாலை மட்டும் நறுக்கிவிட்டு எலியைக் குட்டிபோட விட்டுவிட்டார்கள். எதை எண்ணுகிறீர்களோ அதுதான் வரும்.

காங்கேயம்: போனஸ் எத்தனை சதவீதம் சார்?

பல்லடத்துக்குச் சொன்னதைப் பாருங்கள்.

தாராபுரம், பள்ளி நடத்துகிறவர்: வராத ஆசிரியரை வரவைக்க வருகைக்கு ஊக்கத்தொகை வைக்கலாமா?

வைக்கலாம். உதய்ப்பூர்ப் பக்கம் கிராமப் பள்ளிகளில் தினம் தேதி விழுகிற கேமராவில் படம் எடுக்கவைத்து, வந்த நாளைப் பார்த்துச் சம்பளம் கொடுத்தார்கள். கேமரா இல்லாத பள்ளிகளில் வராமை 42%, கேமரா வைத்த பள்ளிகளில் அதில் பாதி. தலைமையாசிரியர் கையால் குறிக்கிற வருகையை நம்பி மட்டும் வைக்காதீர்கள்.

பழைய டெய்லர்: ஐயா, பீஸ் ரேட்டைப் பெரிதாகச் சொல்கிறீர்கள். பவர் டேபிள் தையல் யூனிட்டில் 15 வருஷம் ஓவர்லாக் மெஷின் ஓட்டினவன் நான். ஒரு வாரம் நாலு காசு கூடச் சம்பாதித்தால் அடுத்த ஆர்டருக்கு ரேட்டைக் குறைத்துவிடுவார்கள். எவன் முழு வேகத்தில் ஓட்டுவான்?

நீங்கள் சொல்வது சரி. இது இங்கே மட்டும் இல்லை. 1931-32இல் சிகாகோ பக்கம் ஹாதார்ன் தொழிற்சாலையில் டெலிபோன் ஸ்விட்சுக்கு வயர் கட்டும் 14 பேரை ஓர் அறையில் மாதக்கணக்கில் கவனித்தார்கள். கூடச் செய்தால் கூடக் கூலி. ஆனாலும் ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்று தங்களுக்குள் ஓர் அளவு வைத்திருந்தார்கள். தாண்டினால் பக்கத்து ஆள் தோளில் ஒரு குத்து விடுவான்.

ஈரோடு, மில்: குத்து விட்டவனைச் சோம்பேறி என்றுதானே சொல்லவேண்டும்?

உங்கள் மில்லில் ஒருவர் உற்பத்தியைக் கூட்டினால் மறுமாதம் டார்கெட்டைக் கூட்டுவீர்களா மாட்டீர்களா? அந்த ஆளுக்கும் இது தெரியும். கிளீவ்லாண்டில் லிங்கன் எலக்ட்ரிக் என்ற வெல்டிங் கம்பெனி எத்தனையோ வருஷம் பீஸ் ரேட்டில் ஓடியது. மெஷினோ செய்முறையோ மாறினால் ஒழிய, ஆள் நிறையச் சம்பாதிக்கிறார் என்பதற்காக ரேட்டைக் குறைக்கமாட்டோம் என்பது அவர்கள் கொடுத்த வாக்கு.

ஈரோடு, மில்: அவர்களுக்குக் கட்டுப்படியாகும். பையர் விலையைக் குறைத்தால் நான் எங்கே போவது?

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பையர் குறைத்தார் என்று ஆளிடம் சொல்லிக் குறையுங்கள். இவன் நிறையச் சம்பாதிக்கிறான் என்று குறைத்தால், மறுநாளிலிருந்து எவனும் தன் வேகத்தை உங்களுக்குக் காட்டமாட்டான்.

பெயர் வேண்டாம்: ஸ்வீட் பாக்சால் பயன் உண்டா?

கொடுத்தால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு வருஷம் நிறுத்திப் பாருங்கள், பத்து வருஷம் பேசுவார்கள். ஆரம்பிக்கும் முன் யோசியுங்கள்.

உடுமலை: போனஸ் எவ்வளவு...

8.33. இருபது வரை. இதோடு நான்காவது ஆள் கேட்டால் பதில் கிடையாது.

பழைய டெய்லர்: அமெரிக்காக்காரன் வாக்கு இருக்கட்டும் ஐயா. நீங்கள் இருந்த இடத்தில் ரேட்டைக் குறைத்ததே இல்லையா?

குறைத்தோம். இரண்டு தடவை. இரண்டாம் தடவை பிளாட்லாக் தையல் லைனில் இருந்த எங்கள் வேகமான டெய்லர் மறுநாள் மெஷினில் உட்கார்ந்து, பக்கத்து ஆள் எத்தனை போடுகிறான் என்று பார்த்துப் பார்த்து அதே அளவு போட்டார். ஒரு பீஸ் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூன்றாம் மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். ரேட் சீட்டில் கையெழுத்து என்னுடையது.