மூன்று பென்னிக்காக ஒரு போரா?

கேள்வி: ராத்தலுக்கு வெறும் 3 பென்னி தேயிலை வரி. இதற்காகவா அமெரிக்கர்கள் பிரிட்டனோடு போருக்குப் போனார்கள்? கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியவில்லையா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: 3 பென்னிக்காக யாரும் உயிரைக் கொடுக்கவில்லை. சொல்லப்போனால், 1773-இல் வந்த தேயிலைச் சட்டம் தேயிலையின் விலையைக் குறைக்கத்தான் வழி செய்தது. சரக்குத் தேங்கித் திவாலாகும் நிலையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியைத் தூக்கிவிட வேண்டும். சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கம்பெனிதான். அதனால் இங்கிலாந்தில் கட்டவேண்டிய வரியைத் தள்ளுபடி செய்து, நேராக அமெரிக்காவில் விற்க அனுமதித்தார்கள். கள்ளத்தனமாக வந்துகொண்டிருந்த டச்சுத் தேயிலையோடு போட்டி போடக்கூடிய விலை. ஆனால் அந்த 3 பென்னியை மட்டும் பிடிவாதமாக விட்டுவைத்தார்கள்.

அந்தப் பிடிவாதம் பழையது. பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்தபோது பிரிட்டன் கழுத்துவரை கடனில் இருந்தது. அமெரிக்கக் காலனிகளைக் காக்கவும்தானே செலவழித்தோம், அவர்களும் கொஞ்சம் கொடுக்கட்டும் என்று லண்டன் நினைத்தது. கேட்க நியாயமாகவே இருக்கும். இங்கிலாந்து மக்கள் அவர்களைவிடப் பல மடங்கு வரி கட்டிவந்தார்கள். 1765-இல் முத்திரைச் சட்டம் வந்தது. பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் முத்திரை வரி. அதுவரை காலனிகளின் உள்ளூரில் வரி போட்டவை அமெரிக்கர்களே தேர்ந்தெடுத்த சட்டமன்றங்கள். ஒரு உறுப்பினரைக்கூட அனுப்ப முடியாத நாடாளுமன்றம் எப்படி எங்கள் பையில் கைவைக்கலாம் என்று கொதித்தார்கள். பாஸ்டனில் முத்திரைத் தாள் விநியோகிக்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவியை மரத்தில் தொங்கவிட்டார்கள். மனிதர் பதவியே வேண்டாம் என்று விலகிவிட்டார். வணிகர்களும் பிரிட்டிஷ் சரக்கைப் புறக்கணிக்க, மறு ஆண்டே சட்டம் ரத்தானது.

சரி, அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் ரத்து செய்த அன்றே இன்னொரு சட்டமும் நிறைவேறியது: காலனிகள் விஷயத்தில் எதைப் பற்றியும் சட்டம் போட எங்களுக்கு முழு அதிகாரம் உண்டு என்று. அதன் பிறகு தேயிலை உட்படச் சில இறக்குமதிப் பொருள்களுக்குப் புது வரி போட்டார்கள். 1770-இல் மற்ற பொருள்களின் வரியை நீக்கியபோது தேயிலை வரியை மட்டும் நீக்காமல் வைத்தது, அந்த அதிகாரத்தைக் காட்டத்தான்.

1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் வரி எதிர்ப்பாளர்கள் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய திருப்பம் அடுத்து வந்த தண்டனை. துறைமுகத்தை மூடியதோடு நிற்காமல், பாஸ்டன் இருந்த மாசசூசெட்ஸ் காலனியின் ஆட்சிமுறையை வகுத்த சாசனத்திலேயே கைவைத்தார்கள். மேலவையை இனி மன்னர் நியமிப்பார். ஜூரிகளை ஷெரீப் பொறுக்குவார். ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் ஊர்க்கூட்டம் போட ஆளுநரின் அனுமதி வேண்டும். பாஸ்டன் தகராறு நமக்கெதற்கு என்று இருந்த உள்நாட்டு விவசாயியின் வாசலுக்கே இப்போது விஷயம் வந்துவிட்டது.

1774 செப்டம்பர் 6 அன்று அதே மாசசூசெட்ஸில் வூஸ்டர் என்ற சிற்றூரில் 4,600-க்கும் மேற்பட்டவர்கள் திரண்டு நீதிமன்றத்தை மறித்தார்கள். நீதிபதிகளும் அதிகாரிகளும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தெருவின் இருபுறமும் அணிவகுத்து நின்றவர்களுக்கு நடுவே நடந்துவந்தார்கள். புதிய சட்டத்தின்படி நீதிமன்றம் நடத்தமாட்டோம் என்ற உறுதியை, வரிசையில் நின்ற எல்லோர் காதிலும் விழும்படி நடக்க நடக்கத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. போரின் முதல் துப்பாக்கிச் சூடு லெக்சிங்டன் என்ற ஊரில் நடந்தது 1775 ஏப்ரல் 19-இல்தான். அதற்கு ஏழு மாதம் முன்பே வூஸ்டரில் பிரிட்டிஷ் ஆட்சி முடிந்துபோயிருந்தது.

அப்புறம், இதையும் சொல்லாமல் விடக்கூடாது. அதே மாசசூசெட்ஸில், அதே 1773-லும் 1774-லும், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள், நீங்கள் கேட்கும் சுதந்திரம் எங்களுக்கும் உரியது என்று மனுமேல் மனு கொடுத்தார்கள். வரிக்கு எதிராக அவ்வளவு உரக்கப் பேசிய சட்டமன்றம் அவர்களுக்கு விடுதலை தரவில்லை.