பாலியல் கல்வியைச் சட்டமாக்கினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களா?

இலங்கைப் பாடசாலைகளில் பாலியல் கல்வியைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் வளர்ந்த மகள் இருப்பாள் என்று நினைக்கிறேன், அதுதான் பயம். என் பதில், கட்டாயமாக்கத்தான் வேண்டும். வன்னியில் இருந்துகொண்டு வேறு பதில் சொல்ல எனக்கு வாய் வராது.

2008இல், யுத்த நேரம், நாங்கள் கிளிநொச்சித் தருமபுரத்தில் இருந்தோம். சித்தியின் மகளுக்கு 15 வயது. புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து சின்னப் பெட்டைகளுக்குத் தாலி கட்டிவைத்த காலம். கழுத்தில் கயிறு இருந்தால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை. சித்தியும் மகளுக்கு அப்படிக் கட்டிவைத்தார். அவரை யாரும் குறை சொல்ல வேண்டாம், அங்கே இருந்தவர்களுக்குத்தான் அது விளங்கும். பிறகு இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் தண்ணி வரிசையில் நிற்கும்போது அவள் என் காதுக்குள், "அக்கா, எனக்கு நிண்டு கனநாளாச்சு, பசியிலதான் போல" என்றாள். சட்டைக்கு மேலால் வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. தாயும் சொல்லவில்லை, பள்ளிக்கூடமும் சொல்லவில்லை.

அப்புறம் பதிவுக்கு அலைச்சல். 1995இல் திருத்திய பொது விவாகச் சட்டப்படி 18 வயதுக்கு முன் கலியாணத்தைப் பதிய முடியாது. அதே ஆண்டு திருத்திய தண்டனைச் சட்டக்கோவைப்படி 16க்குக் கீழ் என்றால் பெண் சம்மதித்தாலும் அது வன்புணர்வு. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் 'பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா' என்ற கூட்டுக்குள் 'இல்லை' என்று எழுதினார்கள். அந்தத் தாளோடுதான் அவள் பள்ளிக்கூட அனுமதிக்குப் போய் நின்றாள்.

யுத்தம் செய்ததைப் பாடப்புத்தகத்தின் தலையில் கட்டாதே என்று யாராவது எழுதுவீர்கள். பாடம் ஆட்சேர்ப்பைத் தடுத்திருக்காது, எனக்கும் தெரியும். தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று அவளுக்கு விளங்கியிருக்கும், மிட்வைஃபிடம் முதலே போயிருப்பாள். கலாசாரம் பேசுகிறவர்களே, பிள்ளை பெரியபிள்ளையானால் சாமத்தியவீட்டுக்கு பானர் கட்டி, வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் சொல்கிறோம். அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஒன்றும் சொல்வதில்லை?

பாடம் இல்லாமலும் இல்லை. சுகாதாரப் புத்தகத்திலும் விஞ்ஞானத்திலும் இருக்கிறது. சித்தி மகளின் பிள்ளைக்கு இப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயது. அந்த அலகு வந்தபோது, "வீட்ட போய் வாசியுங்கோ" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார்களாம். தரம் 7க்கென்று தயாரித்த தனிப் புத்தகமோ சில பிக்குமார் எதிர்த்ததும் முடங்கிப்போனது. எதிர்ப்புக் கிளம்பியதும் அமைச்சு பின்வாங்க முடியாமலும், வகுப்பில் தாண்டிப்போக முடியாமலும் இருக்கத்தான் சட்டம் கேட்கிறேன்.

ஆசிரியர் இடமாற்றத்தையும் சொல்லாமல் விட முடியாது. வன்னியில் கட்டாயச் சேவைக்காலம் முடிந்ததும் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வாங்கிப் போய்விடுகிறார்கள். எல்லோரையும் சொல்லவில்லை, ஊரோடு ஒன்றிப் படிப்பித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் ஏ9 வீதியை விட்டு உள்ளே போனால் கணிதத்துக்கே ஆள் இல்லை. பின்னேர பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரிடம் ஒரு பெட்டை எப்படிச் சந்தேகம் கேட்பாள்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த அலகு மகளின் வகுப்பில் நடந்ததா என்று கேளுங்கள். நடக்காவிட்டால் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழும்பி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தையும் மகளுக்குப் பாடமாக்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது தெரியும்.