ஃபோலாவையும் ஹன்ட்டையும் வாங்கிய புதிய ஃபுட்டி கிளப்புகள் ஏமாந்தனவா?

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. 2011இல் ஏஎஃப்எல்லுக்குள் (ஃபுட்டி எனப்படும் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பாலின் உச்ச லீக்) வந்த கோல்ட் கோஸ்ட் சன்ஸும், 2012இல் வந்த கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி ஜயன்ட்ஸும் ஆளுக்கொரு ரக்பி லீக் நட்சத்திரத்துக்குப் பணத்தைக் கொட்டியது வீண்தானா என்பது ஒன்று. வேறு ஆட்டத்தில் வளர்ந்த ஒருவர் ஆஸ்திரேலிய ஃபுட்டியில் தேற முடியுமா என்பது இன்னொன்று.

முதலாவதற்கு என் பதில்: இஸ்ரேல் ஃபோலா தேறவில்லை, கார்மைக்கல் ஹன்ட் தேறினார், ஆனால் இரண்டு பேரையுமே வாங்கியது முக்கியமாக அவர்களுக்கிருந்த பெயருக்காகத்தான். இரண்டாவதற்கு: தாராளமாக முடியும். ஆனால் நேற்று ஆரம்பித்த கிளப்பில் சேர்ந்து கற்றுக்கொள்வது ரொம்பக் கஷ்டம். பலரும் ஃபோலாவை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடுவதால் இந்த இரண்டாவது விஷயம் அடிபட்டுப் போகிறது.

நான் இருப்பது மேற்கு சிட்னியில், டூங்காபி, வென்ட்வர்த்வில் என்று நம்மவர்கள் நிறைய பேர் குடியிருக்கும் பக்கம். இங்கே ரக்பி லீக்தான் ராஜா. பாராமட்டா ஈல்ஸா, பென்ரித் பாந்தர்ஸா என்பதுதான் வாக்குவாதமே. 1978இல் இயன் டர்னர் என்ற வரலாற்றுப் பேராசிரியர் ஆஸ்திரேலியாவின் குறுக்கே கற்பனையாக ஒரு கோடு போட்டார். ஒரு பக்கம் மெல்பன், அடிலெய்ட், பெர்த், டாஸ்மேனியா: ஃபுட்டி நாடு. மறுபக்கம் சிட்னி, பிரிஸ்பேன்: ரக்பி நாடு. ரான் பராசி என்ற ஃபுட்டி ஜாம்பவானின் பெயரில் அதைப் பராசி கோடு என்பார்கள். கோட்டைத் தாண்டும் முயற்சி 2011இல் தொடங்கியதல்ல. 1982இலேயே சவுத் மெல்பன் கிளப்பை அப்படியே பெயர்த்து சிட்னிக்குக் கொண்டுவந்தார்கள். அதுதான் இன்றைய சிட்னி ஸ்வான்ஸ். 1987இல் பிரிஸ்பேன் பேர்ஸ் வந்தது. இரண்டுமே பல வருடம் தள்ளாடின.

அதனால் அடுத்த இரண்டு கிளப்புகளைத் தொடங்கும்போது ஏஎஃப்எல் நிர்வாகம் தாராளமாகவே சலுகை கொடுத்தது. 17 வயதுப் பையன்களை மற்ற கிளப்புகளுக்கு முன்பே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். புது ஆட்டக்காரர்களைக் கிளப்புகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் முதல் மூன்று தேர்வுகளும் அவர்களுக்குத்தான். மற்ற கிளப்புகளில் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களை இழுத்துக்கொள்ளலாம். அப்படித்தான் ஜீலாங்கிலிருந்து கேரி ஏப்லெட் ஜூனியர் கோல்ட் கோஸ்ட்டுக்குப் போனார். ஆனால் ஏப்லெட் யார் என்று மெல்பனுக்குத் தெரியும், பென்ரித்தில் யாருக்குத் தெரியும்? ரக்பி லீக் பார்க்கிறவனுக்குத் தெரிந்த முகம் வேண்டும். 2009இல் ஹன்ட், 2010இல் ஃபோலா. இருவருமே அப்போது பிரிஸ்பேன் பிராங்கோஸ் என்ற ரக்பி லீக் கிளப்பின் ஆட்டக்காரர்கள். ஹன்ட் 2006இல் அந்தக் கிளப்போடு பட்டம் வென்றவர். ஃபோலா 18 வயதிலேயே ஆஸ்திரேலியாவுக்கு ரக்பி லீக் ஆடியவர். அறிவிப்பு வந்த அன்று எங்கள் அலுவலகத்தில் ஃபுட்டியின் ஒரு விதிகூடத் தெரியாதவர்கள் நாள் பூரா ஜயன்ட்ஸ் பற்றியே பேசினார்கள். பெரும்பாலும் திட்டித்தான். ஆனாலும் பேசினார்கள். அப்போது அந்தக் கிளப் ஒரு ஏஎஃப்எல் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ரக்பி லீக்கில் எதிரி எப்போதும் உங்களுக்கு முன்னால்தான் நிற்பான். கையால் பந்தை முன்னோக்கி எறிய முடியாது. ஆஃப்சைடு உண்டு. ஆடுகளம் செவ்வகம். ஃபுட்டியில் இதெல்லாம் கிடையாது. கிரிக்கெட் மைதானம் அளவுள்ள நீள்வட்டம், பக்கத்துக்கு 18 பேர், ஆஃப்சைடு என்ற பேச்சே இல்லை. பந்து எந்தத் திசையிலும் போகலாம். முதுகுக்குப் பின்னாலிருந்தும் ஆள் வந்து விழுவான். பந்தோடு ஓடினால் 15 மீட்டருக்கு ஒரு முறை தரையில் தட்டியாக வேண்டும். கையால் கொடுப்பதென்றால் எறியக் கூடாது, முஷ்டியால் குத்த வேண்டும். ஒரு ஆட்டத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் ஓடுவது சாதாரணம். ரக்பிக்காக ஏற்றிய உடம்பை முதலில் இறக்க வேண்டும்.

ஃபோலா ரக்பியில் உயரப் பந்தைத் தாவிப் பிடிக்கும் அழகைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்கினார்கள். தலைக்கு மேல் வரும் பந்தைப் பிடிப்பதுதானே ஃபுட்டியில் மார்க், ஆளை கோல் கம்பத்துக்கு முன்னால் நிறுத்தினால் போதும் என்ற கணக்கு. என் பார்வையில் தப்பு நடந்தது அங்கேதான். முன்வரிசை ஆட்டக்காரனுக்குத் தாவல் கடைசி அரை விநாடி வேலை. அதற்கு முன் நடக்கும் ஓட்டம்தான் பெரிய பாடம். நடுக்களத்தில் பந்து யார் கையில் இருக்கிறது, அவன் எந்தக் காலால் உதைப்பான், தடுப்பாளனை எந்தப் பக்கம் இழுத்துவிட்டு எந்தப் பக்கம் பாய வேண்டும் என்பதெல்லாம் பத்து வயதிலிருந்து ஆடியவனுக்கு யோசிக்காமலே வரும். ஃபோலா ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்வது ஹோம்புஷ் மைதானத்தின் மேல் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது.

இன்னொரு சிக்கல், முன்வரிசைக்காரன் தனக்கு வரும் பந்தை நம்பிப் பிழைப்பவன். 2012இல் ஜயன்ட்ஸ் 22 ஆட்டத்தில் ஜெயித்தது இரண்டு. பெரும்பாலும் பதின்வயதுப் பையன்கள். பந்து அந்தப் பக்கம் வந்தால்தானே பிடிக்க? 13 ஆட்டம், 2 கோல். ஒப்பந்தம் முடியும் முன்பே கிளம்பிவிட்டார். அடுத்த வருடமே ரக்பி யூனியனில் (லீக்கிலிருந்து வேறான, பக்கத்துக்கு 15 பேர் ஆடும் ரக்பி) ஆஸ்திரேலியாவின் வாலபீஸ் அணிக்கு அறிமுகமாகி, பிரிட்டிஷ் ஐரிஷ் லயன்ஸுக்கு எதிராக முதல் டெஸ்ட்டிலேயே இரண்டு ட்ரை (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் ஊன்றுவது) அடித்தார். திறமைக்குக் குறைவே இல்லை என்பது அப்போது தெரிந்தது.

ஹன்ட் கதையை யாரும் முழுசாகச் சொல்வதில்லை. நடுவில் பிரான்சுக்குப் போய் பியாரிட்ஸ் கிளப்புக்கு ரக்பி யூனியன் ஆடி, ஐரோப்பியக் கிளப்புகளின் 2010 ஹைனகன் கோப்பை இறுதி ஆட்டம் வரை போய்விட்டுத்தான் சன்ஸுக்கு வந்தார். முதல் ஆட்டத்தில் கார்ல்டன் 119 புள்ளி வித்தியாசத்தில் நசுக்கியது. கேலிக்குக் கேட்கவா வேண்டும்! ஆனால் அவரைக் கம்பத்துக்கு முன்னால் நிறுத்தவில்லை. பின்களத்திலும் நடுக்களத்திலும் ஆட விட்டார்கள். அங்கே மோதிப் பந்தைப் பிடுங்குவதும் ஆளை மடக்குவதும்தான் முக்கால்வாசி வேலை. ரக்பிக்காரனுக்கு அது கைவந்த கலை. 2012 ஜூலையில் கெய்ன்ஸ் நகரில் ரிச்மண்டுக்கு எதிராக சன்ஸ் 4 புள்ளி பின்தங்கியிருந்தபோது, இறுதி சைரன் ஒலித்த பிறகு உதைத்து ஆறு புள்ளி தரும் கோல் அடித்தார். இரண்டு புள்ளியில் வெற்றி. 2014 வரை மொத்தம் 44 ஆட்டங்கள். பிறந்ததிலிருந்து ஃபுட்டி ஆடி டிராஃப்ட்டில் தேர்வான பையன்களில் பலர் அத்தனை ஆட்டம் தொடுவதில்லை. பிறகு 2017இல் வாலபீஸ் சட்டையும் போட்டார். லீக், யூனியன், ஃபுட்டி என்று மூன்று ஆட்டத்திலும் உச்சத்தில் ஆடிய மனிதரை 'தோல்வி' என்று எழுதுகிறவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

கிரிக்கெட் பிரியர்களுக்கு ஒரு சின்னத் தகவல். ஜயன்ட்ஸ் ஏஎஃப்எல்லுக்கு வருமுன் 2010இல் இளையோர் போட்டியில் ஆடியபோது அணித் தலைவர் யார் தெரியுமா? அலெக்ஸ் கேரி. 2012 பட்டியலில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அடிலெய்டுக்குத் திரும்பி கிரிக்கெட்டைப் பிடித்தார். இன்று ஆஸ்திரேலியாவின் டெஸ்ட் விக்கெட் கீப்பர்.

தேறியவர்கள் என்று பார்த்தால் முதலில் ஜிம் ஸ்டைன்ஸ். டப்ளின் பையன், அயர்லாந்தின் கேலிக் ஃபுட்பால் ஆடியவர். 1984இல் மெல்பன் கிளப் அவரைக் கூட்டி வந்தது. பந்தைக் கையில் எடுத்து ஓடுவது, உதைத்துக் கொடுப்பது, உயரத் தாவிப் பிடிப்பது எல்லாம் கேலிக்கிலும் உண்டு. பந்து மட்டும் உருண்டை. இவ்வளவு நெருங்கிய ஆட்டத்திலிருந்து வந்தும் இரண்டு வருடத்துக்கு மேல் கீழ்நிலை ஆட்டங்களில் கிடந்துதான் மேலே வந்தார். 1987 அரையிறுதியில் மெல்பன் முன்னிலையில் இருக்க, கடைசி நொடிகளில் ஃப்ரீ கிக் எடுக்கவிருந்த ஹாதார்ன் வீரருக்கும் அவர் முன்னால் நின்ற தடுப்பாளருக்கும் நடுவே குறுக்காக ஓடினார். இங்கே பிறந்த பையன் எவனும் செய்யாத பிசகு. நடுவர் 15 மீட்டர் தண்டனை கொடுத்தார், சைரனுக்குப் பின் உதைத்த பந்து கோலானது, 1964க்குப் பிறகு இறுதி ஆட்டத்தையே பார்க்காத கிளப் இரண்டு புள்ளியில் தோற்றது. கிளப் அவரை விரட்டவில்லை. 1991இல் அவர் பிரவுன்லோ பதக்கம் வென்றார், அதாவது லீக்கிலேயே அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர். தொடர்ச்சியாக 244 ஆட்டங்கள் ஆடியது பல வருடம் சாதனையாக நின்றது.

ஃபோலாவுக்குக் கிடைக்காதது இந்த அவகாசம்தான். பெரும் சம்பளத்தோடு வந்தவருக்கு யாரும் அவ்வளவு காலம் தர மாட்டார்கள்.

மற்றவர்களும் ஏறக்குறைய இதே வழியில்தான் வந்தார்கள். மேசன் காக்ஸ் அமெரிக்கக் கல்லூரி பேஸ்கட்பால்காரர், 211 செ.மீ. உயரம். 2014இல் காலிங்வுட் எடுத்தது, 2016இல்தான் களமிறக்கியது, 2023இல் பட்டம். மார்க் பிளிட்சவ்ஸ் தடைதாண்டும் நெடுந்தூர ஓட்டக்காரர். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் கனவில் இருந்தவரை ஜீலாங் எடுத்து ஊறப்போட்டது. கிளப்பின் சிறந்த வீரர் விருதை இரண்டு முறை வாங்கி, 2022 பட்டத்திலும் இருந்தார். கொஞ்ச வருடம் ஃபுட்டியே ஆடாதவர்களை முக்கியப் பட்டியலுக்கு வெளியே வைத்துப் பழக்க விதியிலேயே தனி இடம் உண்டு. செலவு குறைவு, கூச்சலும் கிடையாது. சுற்றிலும் ஆட்டம் தெரிந்த மூத்தவர்கள் இருப்பதுதான் பெரிய லாபம். புதுக் கிளப்பில் அந்த மூத்தவர்களே விரல் விட்டு எண்ணும் அளவுதான். பக்கத்தில் நிற்பவனும் கற்றுக்குட்டி.

கோட்டுக்கு இந்தப் பக்கம் ஃபுட்டி வேர்விட்டது எதனால் என்று கேட்டால், உள்ளூர் அகாடமிகளைத்தான் சொல்வேன். 2023 டிராஃப்ட்டில் சன்ஸ் தன் அகாடமியிலேயே வளர்ந்த 4 பையன்களை முதல் சுற்றில் எடுத்தது. 2025இல், 15ஆவது சீசனில், முதன்முறையாக இறுதிச் சுற்றுக்குப் போய் பெர்த்தில் ஃப்ரிமான்டிலை ஒரே ஒரு புள்ளியில் வீழ்த்தியது. ஜயன்ட்ஸ் 2019இலேயே இறுதி ஆட்டம் வரை போனது. ரிச்மண்டிடம் 89 புள்ளியில் வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை.

நான் சொன்னதற்கு நேர் எதிரான உதாரணமும் இருக்கிறது: பெண்கள் ஆட்டம். கோரா ஸ்டான்டன், அயர்லாந்தின் மேயோ கவுண்டியின் கேலிக் நட்சத்திரம், அதே ஜயன்ட்ஸுக்கு 2018இல் 36 வயதில் வந்தார். நாற்பது தாண்டியும் ஆடினார். காரணம், பெண்களுக்கான ஏஎஃப்எல்டபிள்யூ லீக்கே 2017இல்தான் தொடங்கியது. எல்லாக் கிளப்பும் புதுசு, எல்லோரும் கற்றுக்கொண்டிருந்தார்கள், அதனால் வெளியாளுக்கும் உள்ளூர்க்காரிக்கும் இடைவெளி குறைவு.

எரின் பிலிப்ஸையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அமெரிக்காவின் டபிள்யூஎன்பிஏ பட்டம், ஒலிம்பிக் வெள்ளி எல்லாம் வென்ற பேஸ்கட்பால் வீராங்கனை. 2017இலும் 2019இலும் லீக்கின் சிறந்த வீராங்கனை. நான் சேர்க்க மாட்டேன். அவர் சிறுமியாக இருந்தபோது பையன்களோடு ஃபுட்டிதான் ஆடினார். ஒரு வயதுக்கு மேல் பெண்களுக்கு அணியே இல்லாததால்தான் பேஸ்கட்பாலுக்குப் போனார். அப்பா கிரெக் பிலிப்ஸ் போர்ட் அடிலெய்டுக்கு எட்டுப் பட்டங்கள் வென்று கொடுத்தவர். 2022இல் போர்ட் அடிலெய்ட் பெண்கள் அணியைத் தொடங்கியபோது முதல் அணித் தலைவராக எரினைத்தான் கூப்பிட்டது. அதுவும் பெயருக்காக எடுத்த ஆள்தான், ஆனால் அந்த ஊருக்கு அவர் யார் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.