ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது கருத்தடை மாத்திரை பலிக்குமா?

கேள்வி: ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த கருத்தடை மாத்திரையை இரண்டு ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறேன். இப்போது பல்லில் ஏற்பட்ட தொற்றுக்கு ஒரு வாரம் அமாக்ஸிசிலின் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அழிந்தால் கருத்தடை மாத்திரை பலிக்காது என்கிறார் என் தோழி. இது உண்மையா?

பதில்: உங்கள் தோழி சொன்னதை வெறும் வதந்தி என்று ஒதுக்க முடியாது, மருத்துவர்களே பல ஆண்டுகள் அப்படித்தான் எச்சரித்து வந்தார்கள். ஆனாலும், அமாக்ஸிசிலின் சாப்பிடுகிறீர்கள் என்பதற்காக மட்டும் நீங்கள் வேறு கருத்தடை முறையைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

அந்த எச்சரிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மாத்திரையில் உள்ள எத்தினைல் எஸ்ட்ராடியால் என்னும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் ஒரு பகுதியைக் குடல் சுவரும் கல்லீரலும் சல்பேட்டுடனோ குளுகுரோனிக் அமிலத்துடனோ பிணைத்துச் செயலிழக்கச் செய்கின்றன. அப்படிப் பிணைக்கப்பட்டதில் கொஞ்சம் பித்தநீரோடு குடலுக்கு வந்து சேர்கிறது. அங்குள்ள பாக்டீரியாக்களின் பீட்டா குளுகுரோனிடேஸ் என்னும் நொதி அந்த அமிலத்தைத் துண்டித்துவிட, விடுபட்ட ஹார்மோன் மறுபடியும் இரத்தத்தில் கலக்கிறது. பாக்டீரியாவுக்கு நம் ஹார்மோனில் அக்கறை ஏதும் இல்லை. பிரித்தெடுத்த அமிலம் அதற்கு உணவு, அவ்வளவே. ஆன்டிபயாடிக் இந்தப் பாக்டீரியாக்களைக் குறைத்தால் திரும்பி வரும் ஹார்மோனும் குறையும் என்பதே பழைய வாதம்.

வாதத்தில் பிழையில்லை, அளவில்தான் பிழை. கருமுட்டை வெளியேறுவதைத் தடுப்பதில் பெரும்பங்கு புரோஜெஸ்டினுக்கு உரியது. அது பித்தநீருக்கு வரும்போது பெரும்பாலும் வேறு சேர்மங்களாக மாறிவிட்டிருப்பதால், எந்தப் பாக்டீரியா நொதியும் அதைப் பழைய வடிவத்துக்கு மீட்பதில்லை. எத்தினைல் எஸ்ட்ராடியாலிலும் இப்படித் திரும்பி வரும் பங்கு சிறியதே. இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டுதான் பிரிட்டனில் இனப்பெருக்க நல மருத்துவர்களின் அமைப்பு 2011-இல் தன் பழைய எச்சரிக்கையைக் கைவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் இத்தகைய ஆன்டிபயாடிக்குகளோடு கருத்தடை மாத்திரையைத் தடையின்றிச் சாப்பிடலாம் என்றே வகைப்படுத்துகிறது.

விதிவிலக்கு ரிஃபாம்பிசினும் ரிஃபாபுட்டினும். காசநோய்ச் சிகிச்சையில் பயன்படும் இவை கல்லீரலின் சைட்டோகுரோம் நொதிகளைப் பெருகச் செய்து, இரு ஹார்மோன்களையும் விரைவாகச் சிதைத்துவிடுகின்றன. இங்கே குடல் பாக்டீரியாவுக்கு வேலையே இல்லை. சிகிச்சைக் காலத்திலும் அதை நிறுத்திய பின் 4 வாரங்கள் வரையிலும் வேறு கருத்தடை முறை தேவைப்படும் என்பதால், இவற்றைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

உங்கள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது வயிறுதான், ஏனென்றால் அமாக்ஸிசிலின் சிலருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். கருத்தடை மாத்திரையை விழுங்கிய 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் உடனே இன்னொன்றைச் சாப்பிடுங்கள். வாந்தியோ கடுமையான வயிற்றுப்போக்கோ 24 மணி நேரத்தைத் தாண்டினால், அந்த நாட்களை மாத்திரை தவறிய நாட்களாகக் கருதி, அதற்கு உங்கள் மாத்திரை அட்டையோடு வந்த குறிப்புத்தாளில் சொல்லியிருப்பதைப் பின்பற்றுங்கள்.